உதவி தேவை: ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு ஒலி

முட்காடு:
அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தின் வடபகுதியில், லெபோம்போ மலையடிவாரத்துக் காப்புக்காடு ஒன்றில், மீட்டு, வானலை அனுப்பும் கருவி பொருத்தி விடுவிக்கப்பட்ட ஓர் அழுங்கை (செதில் போர்த்த எறும்புத்தின்னி) கையடக்க வானலை ஏற்பியின் துணையோடு பின்தொடர்ந்து வருகிறேன். நேற்று வரை ஒழுங்காக இருந்த கருவி, இன்று காலை முதல், எந்தத் திசையில் நீட்டினாலும் ஒரே அளவில் ஒலிக்கிறது. இருட்டினால் விலங்கு இரைதேடக் கிளம்பிவிடும் என்பதால், அதற்குள் அது படுத்திருக்கும் வளையைக் கண்டாக வேண்டும். அலைவரிசை [எண் நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]. விரைவாக வழி கூறுங்கள்.

இசட்எஸ்5 வானொலியன்:
என்ன ஏற்பி, ஆன்டெனாவில் எத்தனை கம்பிகள், கெயின் (அலையைப் பெருக்கும் அளவு) குமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒன்றையுமே கூறவில்லையே. கேட்பது 'டிக்' என்ற தட்டலா, 'பீப்' என்ற சீழ்க்கையா? விலங்கின் மேலுள்ள கருவி பண்பேற்றம் இல்லாத வெறும் துடிப்பைத்தான் அனுப்புகிறது, எஃப்.எம். முறையில் வைத்தால் தட்டல் மட்டுமே கேட்கும், வலிமை வேறுபாடும் காதுக்குப் புலப்படாது. எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறைக்கு மாற்றிப் பாருங்கள்; துடிப்பு 'பீப்' என்று கேட்கும். என் அனுபவத்தில் இத்தகைய புகார்களில் பாதி இதில்தான் முடிந்திருக்கிறது.

பழைய அலை:
புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்விதான் இது. யாகி–உடா என்னும் திசை காட்டும் ஆன்டெனா 1926 முதல் உலகில் இருக்கிறது. அதைக் கையில் எடுப்பவர்கள் அதன் இயல்பைப் பற்றி ஒரு பக்கமேனும் படித்துவிட்டுக் காட்டுக்குள் போகலாம். விலங்கு அருகில் இருக்கும்போது கெயினை முழுதாகத் திறந்து வைத்தால் ஏற்பி தெவிட்டிப்போய் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். குமிழைக் குறையுங்கள். இதற்கென ஒரு விவாத இழை தேவையே இல்லை.

மலைச்சரிவு:
அவ்வளவு எளிதாக முடிவு கட்ட வேண்டாம், ஐயா. பாறைச் சரிவுகளில் அலை பட்டுத் திரும்பும்போது, விலங்கு இல்லாத பக்கத்திலிருந்தும் வலிய ஒலி வருவதை லெபோம்போவில் நானே கேட்டிருக்கிறேன். மேடான இடத்துக்கு ஏறி, ஒன்றுக்கொன்று விலகிய சில இடங்களிலிருந்து திசைக்கோடு எடுங்கள். கோடுகள் சந்திக்குமிடத்தை மட்டும் நம்புங்கள். அழுங்கு பகலில் பெரும்பாலும் ஆர்ட்வார்க் என்னும் மண் தோண்டும் விலங்கின் வளைகளில்தான் கிடக்கும். மண் அலையை உறிஞ்சிவிடுவதால், வளையின் வாய் நோக்கும் பக்கத்தில் ஒலி கூடுதலாகக் கேட்பதும் உண்டு.

முட்காடு:
விலங்குகளுக்கென்றே செய்த ஏற்பி, மூன்று கம்பி யாகி, 'பீப்' ஒலி. கெயினை மிகக் குறைவாக வைத்தும் திசை தெரியவில்லை. ஒலி மட்டும் சிறிதாகிறது.

மாரிட்ஸ்பர்க் ராதை:
அப்படியானால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். மாட்டியபோது கேட்ட அதே அளவு ஒலி கழற்றிய பிறகும் வந்தால், உங்கள் யாகி இவ்வளவு நேரமும் வேலையே செய்யவில்லை என்று பொருள். ஆன்டெனாவிலிருந்து வரும் கோ-ஆக்சியல் கேபிள், அதை ஏற்பியில் மாட்டும் பி.என்.சி. இணைப்பியின் கழுத்தில் மடங்கி மடங்கி, வெளியுறை முழுதாக இருக்க, உள்ளே பின்னல் கம்பி மட்டும் அறுந்துபோவது களத்தில் அடிக்கடி நடக்கும் பழுது. அப்போது ஏற்பியின் உடலும் அறுந்த கேபிளுமே அலையைப் பிடிக்கும். அவற்றுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. ஏற்பியை இயக்கியபடியே இணைப்பியை ஒட்டிய இரண்டு விரல் நீளத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒலி திடீரென்று ஏறினால் குறை அங்கேதான்.

மாற்றுக் கேபிள் இல்லையென்றால், ஆன்டெனா இல்லாமலேயே ஏற்பியை மார்போடு அணைத்துப் பிடித்து, கெயினைக் குறைத்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒலி மிகவும் தேய்கிற நிலையில் விலங்கு உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிறது. உடம்பே அலையை மறைக்கிறது. வெறும் ஏற்பியிலேயே ஒலி கேட்கிறது என்றால் அது தொலைவில் இல்லை.

பழைய அலை:
இருக்கலாம். ஆனாலும் முதலில் கெயினைக் குறைக்கச் சொன்னதில் தவறில்லை.

இசட்எஸ்5 வானொலியன்:
மட்டுறுத்துநரிடம் ஒரு கேள்வி. அலைவரிசையை நீக்கியதால் என்ன பயன்? விலங்குக் கருவிகள் பல நாடுகளில் 148 முதல் 152 மெகாஹெர்ட்ஸ் வரையான குறுகிய பட்டைக்குள்தான் இயங்குகின்றன. மலிவான கணினி ஏற்பி ஒன்றைக் கொண்டு யார் வேண்டுமானாலும் அதைத் துழாவலாம்.

மட்டுறுத்துநர்:
துழாவுவதற்கு அவர் முதலில் அந்தக் காட்டுக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். இங்கேயோ மாகாணம், மலையடிவாரம், விலங்கு, அலைவரிசை ஆகிய நான்கும் ஒரே பதிவில் இருந்தன. செதிலுக்காகக் கொல்லப்படும் இவ்விலங்கின் எட்டு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத் தடை 2017-இல் நடைமுறைக்கு வந்த பிறகும் கடத்தல் ஓயவில்லை. 2013-இல் இந்தியாவின் பன்னா காட்டுப் புலி ஒன்றின் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டைத் தகவல் செல்லும் மின்னஞ்சலுக்குள் நுழைய முயற்சி நடந்ததாகச் செய்தி வந்ததே, நினைவில்லையா?

இசட்எஸ்5 வானொலியன்:
அது மின்னஞ்சல்; இது வெறும் வானலை. இரண்டையும் ஒன்றாக்கினால் நாளை எந்தத் தொழில்நுட்ப ஐயத்தையும் இங்கே கேட்க முடியாது.

மலைச்சரிவு:
கேட்கலாமே, எண்ணைச் சொல்லாமல். ராதை அக்கா எண் தெரிந்தா வழி சொன்னார்?

முட்காடு:
கேபிள்தான். முதுகைத் திருப்பும் முறையில் வளை கிடைத்தது. நன்றி.

மாரிட்ஸ்பர்க் ராதை:
மகிழ்ச்சி. அந்தக் கேபிளை ஒட்டுநாடா சுற்றி மறுபடி பயன்படுத்த வேண்டாம். நுனியை வெட்டிப் புதிய இணைப்பி பொருத்துங்கள், பையில் உதிரியாக இன்னொன்றும் இருக்கட்டும். ஆன்டெனாவின் கம்பிகளும் வளையாமல் இருக்கின்றனவா என்று பார்த்தீர்களா?