ஒரே வீட்டில் இரண்டு தடவை திருட்டு. என்னிடம் என்ன தப்பு?

கேள்வி:
ஆறு வாரத்துக்குள் எங்கள் வீட்டில் இரண்டு முறை திருடு போய்விட்டது. முதல் தடவை மடிக்கணினியும் கேமராவும். அடுத்த தடவை, பதிலுக்கு வாங்கிவைத்த புது மடிக்கணினி, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. இரண்டு முறையும் பின்கதவு வழியாகத்தான். "உன் வீட்டுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ராசி என்று சொல்லவும் மனம் வரவில்லை.

பதில் 1:
கவனக்குறைவுதான். ஒரு தடவை பட்டும் பாடம் படிக்கவில்லையே!

பதில் 2:
மேலே சொன்னது நியாயமில்லை. குற்றவியல் படித்தவன் என்பதால் சொல்கிறேன், பல சமயம் திரும்பி வருவது அதே திருடன்தான். எந்தக் கதவு இளகும், எந்த அறையில் என்ன இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். போன பொருளுக்குப் பதிலாகப் புதுசு வந்திருக்கும் என்பதும் தெரியும். முதல் திருட்டுக்குப் பிந்தைய சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம், போகப்போகக் குறையும். இருட்டான பின்வாசல் மாதிரி எந்தத் திருடனையும் இழுக்கிற காரணம் வீட்டிலேயே இருப்பதும் உண்டு.

1980களில் இங்கிலாந்தின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் ஏற்கெனவே திருடு போன வீடுகளாகப் பார்த்துப் பாதுகாப்பைக் கூட்டினார்கள். காசு போட்டு ஓட்டும் மின்சார, எரிவாயு மீட்டர்களை எடுத்தார்கள் (திருடர்களுக்கு அதுதான் உண்டியல்), பூட்டை மாற்றினார்கள், சுற்றியுள்ள வீட்டுக்காரர்களைக் கண்காணிக்கச் சொன்னார்கள். ஐந்தே மாதத்தில் திருட்டு முன்பிருந்ததில் 40 சதவீதமாக இறங்கியது. யாரையும் திட்டித் திருத்தவில்லை.

பதில் 3:
பண மோசடியிலும் இப்படித்தான். என் அப்பா போலி முதலீட்டில் ஏமாந்தார். மூன்று மாதம் கழித்து ஒரு அழைப்பு: "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்." கட்டிவிட்டார். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியலை மோசடிக்காரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்வார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நாங்கள் வீட்டில் கிண்டல் செய்ததால், இரண்டாவது அழைப்பைப் பற்றி அப்பா எங்களிடம் மூச்சுவிடவில்லை. அது எங்கள் தப்பு.

கேள்வி கேட்டவர்:
பதில் 2 எழுதிய நண்பரே, படித்ததும் சுருக்கென்றது. உடைந்த தாழ்ப்பாளுக்குப் பதிலாக அதே மாதிரி தாழ்ப்பாளைத்தான் அதே இடத்தில் போட்டிருந்தோம். நாளைக்குத் தச்சர் வருகிறார், நிலையோடு கதவையே மாற்றுகிறோம். பின்வீட்டு அக்காவிடமும் பேசிவிட்டேன். புது மடிக்கணினி இப்போதைக்கு வாங்கவில்லை.