இன்ஃபோகிராஃபிக்குக்கு ‘அறிபடம்’: வேலூர் வெயில் சுவரொட்டி ஒன்றை முன்வைத்து

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தகவலைப் படமாகக் காட்டும் இன்ஃபோகிராஃபிக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் நடக்கும் பேச்சில் என் பரிந்துரை ‘அறிபடம்’. வேலூரில் வெயில் எச்சரிக்கைச் சுவரொட்டி ஒன்றைத் திருத்தி அமைக்கும் வேலையின் நடுவே இந்தச் சொல் மனதில் நின்றது. அந்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் சொல்லின் நியாயம் தெரியும்.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. செங்கல் சூளையில் நிற்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பேருந்து நிலையத்தில் கூடை வைத்து விற்பவர்கள், சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளியோடு வங்காளத்திலிருந்து வந்து தெருவில் நிற்பவர்கள் என்று சுவரொட்டி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. இவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. படிக்கத் தெரிந்தவரும் நடந்துகொண்டே சில நொடிகள்தான் பார்ப்பார்.

பழைய சுவரொட்டியில் பின்னணி முழுக்கச் செம்மஞ்சள், அதன் மேல் மஞ்சள் எழுத்து. நடுவில் சிரிக்கும் சூரியன். கீழே முப்பரிமாண வட்ட விளக்கப்படம் ஒன்று. அது ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டியது: குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. எண்கள் எல்லாம் சரி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 20.5 கிராம் பொட்டலம் இதுதான். ஆனால் தலை சுற்றி உட்கார்ந்திருப்பவருக்கு இதில் எது வேண்டும்? ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான். அந்த வரி வட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

வட்டத்தைச் சாய்த்து வரைந்ததில் இன்னொரு கேடு. முன்பக்கத் துண்டு அதன் அளவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நேராக வரைந்தாலும் கோணத்தை ஒப்பிடுவதில் நம் கண் அவ்வளவு கெட்டி இல்லை. புள்ளியியலாளர்கள் க்ளீவ்லாந்தும் மெக்கிலும் 1984-இல் சோதித்துச் சொன்னது இது: ஒரே அளவுகோலின் மேல் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைக் கண் நன்றாகப் பிடிக்கிறது, அடுத்தது நீளம், அப்புறம்தான் கோணம், அதற்கும் பின்னால் பரப்பளவு.

இதனால்தான் அதே சுவரொட்டியின் வெப்பமானிப் படங்களும் ஏமாற்றின. வெப்பம் கூடக் கூட வெப்பமானியைப் பெரிதாக்கியிருந்தார்கள். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் இரண்டு மடங்காகும். கண்ணுக்கு நான்கு மடங்காகத் தெரியும். சமூக, பொருளாதாரக் கணக்குகளைப் படமாகக் காட்ட 1925-இல் வியன்னாவில் அருங்காட்சியகம் தொடங்கிய ஓட்டோ நொய்ராத் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார்: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, அதே உருவத்தைத் திரும்பத் திரும்ப வரை. எழுத்தறிவு குறைந்தவர்களுக்கும் கணக்கு போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நம் ஊர்ச் சுவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரியவில்லை.

வெப்பத்தைப் பட்டைகளாக வரைவதும் சரியில்லை. அடியை 36-இல் தொடங்கினால் 40 டிகிரிப் பட்டை 38 டிகிரிப் பட்டையைப் போல இரண்டு மடங்கு உயரமாகிவிடும். பூச்சியத்தில் தொடங்கினாலும் சிக்கல் தீராது. செல்சியஸில் பூச்சியம் என்பது தண்ணீர் உறையும் நிலை, ‘வெப்பமே இல்லை’ என்று பொருள் இல்லை. வெப்பத்துக்குப் புள்ளியோ கோடோ போதும்.

திருத்திய வடிவத்தில் நான் முதலில் செய்தது நீக்கல். சூரியன் போனது, வட்டம் போனது, உட்பொருள் பட்டியல் போனது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே ஒரு சிவப்பு. மேலே பெரிதாக, ஆள் தடுமாறிப் பேச்சு குழறுகிற படம். அதன் பக்கத்தில் 108. அடுத்த வரிசையில் நிழலுக்குத் தூக்குதல், உடம்பை நனைத்து விசிறுதல், மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதிருத்தல். கடைசியில் பொட்டலம், ஒரு லிட்டர் பாட்டில். சிவப்பு நிறம் 108-க்கு மட்டும்தான். ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன், கறுப்பு வெள்ளையிலும் வரிசை கெடவில்லை. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அது உதவும்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘நீர்ச்சத்துக் குறைபாடு’ போன்ற நீளமான சொல் பெட்டிக்குள் அடங்காதபோது பிளக்ஸ் கடைகளில் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கிவிடுகிறார்கள். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ளே இருக்கும் சுழி அடைந்துபோய் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. வரி இடைவெளியையும் ஆங்கிலக் கணக்கில் வைக்கிறார்கள். மேல் வரியின் ‘கு’, ‘மூ’ கீழே இறங்க, அடுத்த வரியின் புள்ளியும் ‘கி’யின் கொக்கியும் மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்கின்றன. எழுத்தை நெருக்குவதற்குப் பதில் சொல்லை மாற்றலாம். ‘உடம்பில் தண்ணீர் குறைந்தால்’ என்று இரண்டு வரியாகப் போட்டால் எல்லாருக்கும் புரிகிறது.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

> ‘தகவல் வரைகலை’ பரவிவிட்டதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, பரவியது உண்மை. அதை எழுதுகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் அச்சு வேலை கொடுக்க வருகிறவர் ‘வரைகலை’ என்று கேட்டதும் அழகுபடுத்தும் வேலையைத்தான் நினைக்கிறார். தகவல் ஒரு பக்கம், அதன் மேல் பூசுகிற கலை ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. மேலே சொன்ன சூரியன் அப்படித்தான் வந்தது. நொய்ராத்தின் குழுவில் புள்ளிவிவரம் தருபவருக்கும் ஓவியருக்கும் நடுவே, எதை எப்படிக் காட்டுவது என்று தீர்மானிக்க ஒரு தனி ஆள் இருந்தார். அந்த நடு வேலைக்கு ‘வரைகலை’ என்ற சொல்லில் இடமில்லை.

> ‘விவரப்படம்’ எளிமையாக இருக்கிறதே.

அக்கா சொன்ன இந்தச் சொல்லை நானும் ஆசையாக எடுத்துப் பார்த்தேன். காதுக்குப் பழகிய சொல். இரண்டு தடைகள் தெரிந்தன. இலங்கை நண்பர்கள் ஆவணப்படத்தை ‘விவரணப்படம்’ என்கிறார்கள், குழம்பும். மற்றது, கடைக்கு வருகிறவர்கள் சொல்வதே ‘எல்லா விவரமும் வந்துடணும்’ என்பதுதான். அந்தப் பழைய சுவரொட்டியைக் கெடுத்தது இந்த ஒரு வாக்கியம். பெயரிலேயே அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

‘புலப்படம்’ அழகான சொல், ‘புலப்படுதல்’ அதிலேயே கேட்கிறது. ஆனால் பட்டா, சிட்டாவோடு சேர்த்து நில அளவைப் படத்துக்கு அது வழங்கிவருகிறது. ‘புலப்படம் வேண்டும்’ என்றால் வேலூர் வட்டத்தில் எவரும் சர்வே எண்ணைத்தான் கேட்பார்கள். ‘விளக்கப்படம்’ பள்ளிக்கூடத்தில் சார்ட்டுக்குப் போய்விட்டது.

‘அறிபடம்’ வினைத்தொகை. அறிந்த படம், அறிகிற படம், அறியும் படம் என்று மூன்று காலத்துக்கும் விரியும். அனிமேஷனுக்கு ‘அசைபடம்’ என்று நாம் ஏற்றுக்கொண்ட அதே அமைப்பு. ‘அறிகுறி’ என்று எல்லாரும் தினமும் சொல்கிறோம், அதுவும் இப்படி அமைந்ததுதான். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘அறிப்படம்’ என்று எழுதக்கூடாது. அதை மட்டும் முதல் நாளிலிருந்தே கவனித்துக்கொள்ள வேண்டும். ஐந்தே எழுத்து, தலைப்பிலும் அடங்கும். அறிபடச் சுவரொட்டி, அறிபட வடிவமைப்பாளர் என்று தொடரவும் தடையில்லை. பேச்சில் ‘ற’வும் ‘ர’வும் ஒன்றாக ஒலித்து ‘அரிபடம்’ ஆகிவிடுமே என்று புலவர் ஐயா கேட்கலாம். எழுத்தில் நிலைத்துவிட்டால் அது பெரிய தடை ஆகாது என்று நம்புகிறேன். ‘அறிகுறி’க்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

துணைச் சொற்களில், படத்திலுள்ள குறிகளுக்குப் பொருள் சொல்லும் லெஜண்டுக்குக் ‘குறிவிளக்கம்’ எனக்குச் சம்மதம். எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே காலியாக விடும் ஒயிட் ஸ்பேஸுக்கு ‘வெற்றிடம்’ வேண்டாம், அறிவியலில் அது வேக்குவத்துக்குப் போய்விட்டது. அச்சகத்தில் ‘வெள்ளை விடு’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘வெள்ளையிடம்’ என்று அதையே சொல்லாக்கலாமா?

சுவரொட்டி கத்திரிக்கு முன்பே அச்சுக்குப் போக வேண்டும். கீழ் ஓரத்தில் சிறியதாக ‘அறிபட வடிவமைப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். மாற்றுச் சொல் இருப்பவர்கள், இலக்கணக் குறை காண்பவர்கள் அதற்குள் எழுதினால் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து