புதுப்பிப்பு: காருக்கு எந்த ஜிபிஎஸ் திரை? வாங்கியாச்சு

தனி ஜிபிஎஸ் கருவியா, டேஷ்போர்டில் பதிக்கும் ஆண்ட்ராய்டு திரையா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆண்ட்ராய்டு திரையே வாங்கினேன். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கச் சொன்னீர்களே, அந்த யோசனைதான் கைகொடுத்தது. ஜிபிஎஸ்ஸுக்கு செல்போன் டவர் தேவையில்லை. வரைபடம் உள்ளே இருந்தால் வயல் நடுவிலும் வழி காட்டுகிறது. நெரிசல் நிலவரம் மட்டும் இணையம் இல்லாமல் வராது.

அப்புறம், காட்சி. கடையில் முப்பரிமாணம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று அடுத்தடுத்து ஆறுகள். எந்தக் கரையில் இருக்கிறோம், அடுத்த பாலம் எங்கே என்பதுதான் இங்கே முக்கியம். ஆறுகள் கிழக்கே ஓடுவதால், வடக்கு மேலே இருக்கும் தட்டைக் காட்சியில் அவை இடமிருந்து வலமாக நீலக் கோடுகளாகத் தெரிகின்றன, பார்த்தவுடன் புரிகிறது. டெல்டாவில் ஓட்டுபவர்கள் இதையே வையுங்கள்.

எதிர்பாராத ஒன்று: 'குறைந்த தூரம்' என்று வைத்தால் வாய்க்கால் கரை மண்பாதையில் இறக்கிவிடுகிறது. மழைக்காலத்தில் அது சேறு. மண்சாலையைத் தவிர்க்கும் அமைப்பைப் போட்ட பிறகு சரியாகிவிட்டது.