அப்ராசோ: தமிழில் என்ன சொல்லலாம்?

திருச்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நடனக் கல்லூரிப் பாடநூல் ஒன்றில் தாங்கோ (ஆங்கிலம் வழியே டேங்கோ என்கிறோமே, அந்த ஜோடி நடனம்) பற்றிய இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: அப்ராசோ.

தாங்கோவில் இருவரும் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு ஸ்பானிய மொழியில் இந்தப் பெயர். அன்றாடப் பேச்சில் கட்டிப்பிடிப்பது என்றுதான் பொருள். ஒருவருடைய வலக்கை மற்றவர் முதுகைச் சுற்றி வரும். அவருடைய இடக்கை இவர் தோளிலோ கழுத்துக்குப் பின்னாலோ இருக்கும். மீதி இரண்டு கைகளும் பக்கவாட்டில் கோத்திருக்கும். பாணிச் சண்டை முழுக்க இதைப் பற்றித்தான். மிலோங்கேரோ பாணியில் மார்போடு மார்பு சேர்ந்து, லேசாக ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருப்பார்கள். பாட்டு முடியும்வரை விலக மாட்டார்கள். நெரிசலான கூடம், காலை வீச இடமில்லை, அதனால் சின்னச் சின்ன அடிகள். சலோன் பாணியில் அவரவர் எடை அவரவர் காலில். திரும்பும்போது பிடி கொஞ்சம் நெகிழ்ந்து மறுபடி கூடும். மேடைப் பாணியில் விட்டுவிட்டும் ஆடலாம். புவெனஸ் ஐரிஸில் 2003 முதல் நடக்கும் உலகப் போட்டியில், கூடத்தில் ஆடும் பிரிவில் இருப்பவர்கள் இசை ஒலிக்கும்வரை பிடியை விடக் கூடாது என்றே விதி இருக்கிறது.

நெருக்கமான அப்ராசோ, திறந்த அப்ராசோ இரண்டும் பக்கத்துக்குப் பத்து முறை வருகின்றன. 'தழுவல்' என்று போட்டால் தழுவல் நாவல் நினைவுக்கு வருகிறது. 'பிடி' என்றால் மல்யுத்தம் போலிருக்கிறது. உதவுங்கள்.

தஞ்சைப் புலவர் ஐயா எழுதியது:

அம்மா, சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: தழூஉ, தழுவுதல் என்பதன் பழைய வடிவம். பதிற்றுப்பத்து 52ஆம் பாட்டைப் பாருங்கள்.

முழாஇமிழ் துணங்கைக்குத் தழூஉப்புணை ஆகச்
சிலைப்புவல் ஏற்றின் தலைக்கை தந்து

காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடியது. முழவு ஒலிக்கிறது, பெண்கள் துணங்கை ஆடுகிறார்கள். நீரில் இருப்பவர்களுக்குப் புணை (தெப்பம்) போல அரசன் தழுவிக்கொள்ளத் துணையாக நிற்கிறான். முதற்கை கொடுத்து ஆடுகிறான். அதனால் அரசி ஊடுகிறாள். கையிலிருந்த சிறு செங்குவளையை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். 'ஈ' (கொடு) என்று அவன் கையேந்தி நிற்க, 'நீ எமக்கு யாரையோ' என்று சொல்லிவிட்டுப் போகிறாள். தாங்கோப் பாட்டுகளில் வரும் பொறாமை அத்தனையும் இந்தப் பத்து வரியில் இருக்கிறது. கலித்தொகையிலும் 'குரவை தழீஇ' என்று வருகிறது. ஆடும்போது பிடிக்கும் பிடிக்கென்றே நம் முன்னோர் ஆண்ட சொல் இது. நெருங்குதழூஉ, நெகிழ்தழூஉ என்று அழகாகப் பிரிக்கலாம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. புணையின் வேலை தாங்குவது. தாங்கு என்பதிலிருந்தே தாங்கோ ஏன் வந்திருக்கக் கூடாது? கப்பலேறிப் போன சொற்கள் நம்மிடம் நிறைய உண்டு.

மதுரை ஆசிரியை எழுதியது:

ஐயா, பாட்டை எடுத்துக் காட்டியதற்கு நன்றி. நாளை வகுப்பில் நிச்சயம் சொல்வேன். ஆனால் பாடநூலில் தழூஉ வேண்டாம். அளபெடையைப் பார்த்தால் என் மாணவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்து உகரத்தை அடித்துவிடுவார்கள். போன ஆண்டு விடைத்தாள்களில் இதே போல ஒரு சொல்லை நாலு பேர் நாலு விதமாக எழுதியிருந்தார்கள். தரையில் நின்று 'தழூஉவைத் தளர்த்து' என்று நான் எப்படிக் கூப்பிட்டுச் சொல்வது?

பிணையல் என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அதுவும் ஆகாது. சிலப்பதிகாரத்தில் 'பிண்டியும் பிணையலும் எழிற்கையும் தொழிற்கையும்' என்று வருவது ஒருவரே இரு கைகளையும் சேர்த்துக் காட்டும் முத்திரை. பரதம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது தேர்வில் வரும் சொல். அங்கே போய் இடிக்கக் கூடாது.

என் பரிந்துரை அணைப்பு. நெருங்கிய அணைப்பு, திறந்த அணைப்பு. அவ்வளவுதான்.

தஞ்சைப் புலவர் ஐயா எழுதியது:

அணைப்பது விளக்கை. ஒரு கலையின் உயிரான நிலைக்கு, சுவரில் இருக்கும் பொத்தானுக்கு உரிய சொல்லையா வைப்பது? மாணவருக்குத் தெரியாத சொல்லைக் கற்பிக்கத்தானே பாடநூல்?

மதுரை ஆசிரியை எழுதியது:

'குழந்தையை அணைத்துக்கொண்டாள்' என்றால் யாருக்கும் விளக்கு நினைவுக்கு வராது, ஐயா. அணைதல் என்றால் நெருங்குதல். அதுவும் பழைய சொல்தான். கற்பிக்க வேண்டியது ஆட்டம். சொல் அதற்கு வழிவிட வேண்டும்.

ரொறன்ரோ நண்பர் எழுதியது:

வணக்கம். அப்ராசோவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தாங்கோ என்ற எழுத்துக்கூட்டலைப் பற்றி மட்டும். எங்கட ஊரில் கடைக்குப் போய் 'ஒரு றாத்தல் பாண் தாங்கோ' என்றுதான் கேட்பம், அதாவது ரொட்டி தாருங்கள் என்று. யாழ்ப்பாணத்து வாசகருக்கு முதலில் அதுதான் காதில் விழும். எங்கட வழக்கப்படி எழுதினால் ரங்கோ என்று வந்திருக்கும்.

அப்படிச் சொன்னாலும் நான் தாங்கோ பக்கம்தான். ஸ்பானிய மொழியில் இந்த ஒலி பல்லில் நாக்குத் தொட்டுப் பிறப்பது, எங்கட தகரம் போல. டகரம் ஆங்கிலத்தின் வழியே வந்தது. தமிழ்ச் சொல்லுக்கு டகரம் முதலில் வராது என்ற விதிக்கும் தகரம் பொருந்துகிறது. மூல ஒலியும் தமிழ் மரபும் ஒரே எழுத்தில் சந்திப்பது எப்போதும் கிடைக்கிற வாய்ப்பு இல்லை. அதை விடவேண்டாம். உயிரைக் குறுக்கித் தங்கோ என்று எழுதுவது இன்னும் கிட்ட வரும், ஆனால் தங்கம் போல ஒலிக்கும்.

புதுவை இசை ஆய்வாளர் எழுதியது:

தாங்கு என்பதிலிருந்து தாங்கோ வந்தது என்ற யோசனை இந்தக் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஐயா மேல் எனக்குள்ள மரியாதை வேறு, இது வேறு.

லா பிளாத்தா ஆற்றின் இரு கரைகளிலும், புவெனஸ் ஐரிஸிலும் மொந்தெவிதேயோவிலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கூடி மேளம் கொட்டி ஆடிய இடங்களுக்கும் ஆட்டங்களுக்கும் தாங்கோ என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழங்கியது. இன்று நாம் கேட்கும் இசை அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. காந்தோம்பே என்ற அவர்களுடைய மேள ஆட்டம், கியூபாவிலிருந்து வந்த ஹபனேராவின் தாளம், நாட்டுப்புறப் பாடகர்களின் மிலோங்கா, கப்பல் கப்பலாக வந்திறங்கிய இத்தாலியர், ஸ்பானியர் கொண்டுவந்த மெட்டுகள், எல்லாம் துறைமுகக் குடியிருப்புகளில் கலந்தன. முதலில் புல்லாங்குழல், வயலின், கித்தார்தான். பந்தோனியோன் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதுவும் ஜெர்மனியில் செய்த கருவி: 71 பொத்தான்கள், துருத்தியை இழுக்கும்போது ஒரு சுரம், அதே பொத்தானை அழுத்தியபடி தள்ளும்போது வேறு சுரம். அந்த மூச்சுத்திணறல் போன்ற ஒலிதான் பிறகு தாங்கோவின் குரலாகவே ஆகிவிட்டது.

2009இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து விண்ணப்பித்ததால் தாங்கோ யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால் உலகத்தின் மனத்தில் பதிந்த தாங்கோ ஜோடியின் படத்தில் கறுப்பு முகம் இல்லை. அவர்களிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர். அதையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொல்லாசை உள்ளவர்களுக்கு வேறொன்று தருகிறேன். புவெனஸ் ஐரிஸ் தெருப்பேச்சில் அசைகளை முன்பின்னாக மாற்றுவார்கள். தாங்கோ அங்கே கோத்தான் ஆகிவிடும்.

தஞ்சைப் புலவர் ஐயா எழுதியது:

ஒலி ஒத்ததும் மனம் ஓடிவிட்டது. தாங்கு பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி சொன்னதை இரண்டு முறை படித்தேன்.

தழூஉவைத் திரும்பப் பெறவில்லை.

திருச்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இன்று புதன். எண்ணிப் பார்த்தேன்: அணைப்புக்கு ஆறு பேர், தழூஉவுக்கு இரண்டு பேர், அப்ராசோவை அப்படியே விடச் சொல்லி ஒருவர். அணைப்பையே வைக்கிறேன். மிலோங்கா இசைக்கும் பெயர், ஆட்டத்துக்கும் பெயர், ஆடக் கூடும் இரவுக்கும் பெயர். அதை மொழிபெயர்க்கத் துணியவில்லை, அப்படியே விடுகிறேன்.

புலவர் ஐயா, உங்களிடமிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன். ஆட்டத்தை நடத்துபவரை மூலநூலில் 'ஆண்' என்றே எழுதியிருந்தார்கள். இப்போது பெண்களும் நடத்துகிறார்கள், ஆணும் ஆணும் சேர்ந்து ஆடுகிறார்கள். 'தலைக்கை தருபவர்' என்று போட்டேன். எந்த வாக்கியத்திலும் இடறவில்லை.

மதுரை ஆசிரியை எழுதியது:

தலைக்கை நன்றாக இருக்கிறது. இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் கேட்காமலே ஒரு பெண் கையை நீட்டினாள்.

தஞ்சைப் புலவர் ஐயா எழுதியது:

மகிழ்ச்சி அம்மா. அடுத்த பதிப்புக்கு எப்போது திருத்தம் அனுப்பலாம் என்று மட்டும் தெரிவியுங்கள். அணைப்பு எனக்கு இன்னும் ஒப்பவில்லை.