ஃபிரீசாக் காசா, அக்விலேயா காசா?

நாணயவியல் அன்பர்களுக்கு வணக்கம். ஏறத்தாழ 1 கிராம் எடையுள்ள இந்த வெள்ளிக் காசை அடையாளம் காண உங்கள் உதவியை வேண்டுகிறேன். முன்புறத்தில் வளைகோலும் வேதநூலும் ஏந்திய ஆயரின் உருவமும், பின்புறத்தில் இரு கோபுரங்களுக்கிடையே சிலுவை தாங்கிய தேவாலய முகப்பும் உள்ளன. சுற்றெழுத்துகள்தாம், வருந்தத்தக்க வகையில், முற்றிலும் தேய்ந்துவிட்டன.

இன்றைய ஆஸ்திரியாவின் கரிந்தியாப் பகுதியிலுள்ள ஃபிரீசாக் நகரில் சால்ஸ்பர்க் பேராயர்கள் அச்சிட்ட வெள்ளிக் காசுகளை இது பெரிதும் ஒத்திருப்பதால், 1200 முதல் 1246 வரை பேராயராக இருந்த இரண்டாம் எபர்ஹார்டின் காலத்ததாக இருக்கலாம் என்று கருதுகிறேன். ஆனால் அக்காசுகள் பரவலாகப் புழங்கியமையால், வட இத்தாலியிலுள்ள அக்விலேயாவின் மறைமுதுவர்களும் (பேராயர்களைவிட உயர்நிலையிலுள்ள திருச்சபைத் தலைவர்கள்) அதே வடிவத்தைப் பின்பற்றித் தங்கள் காசுகளை வெளியிட்டனர்.

எழுத்துகளின் துணையின்றி, கோபுரங்களின் அமைப்பையும் ஆயரின் உடைமடிப்பையும் மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலுமா? இத்தகைய காசுகளைக் கையில் எடுத்து ஆராய்ந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.