கிட்டை அப்டேட் செய்தும் லிப்கிட்2 ஓட்டை போகவில்லை, எங்கே பார்ப்பது?

செந்தில் (பெல்லந்தூர்):
வணக்கம். பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கெண்ட் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் அனுப்பும் கிட் ரெப்போக்களை (கோடையும் அதன் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் தொகுப்புகளை) திறந்து, கோப்புகளைச் சேர்த்து, மதிப்பெண் போடும் சர்வீஸ் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பைத்தானில், லிப்கிட்2 லைப்ரரியைப் பைத்தானிலிருந்து இயக்க உதவும் பைகிட்2 வைத்து எழுதியது. டாக்கர் இமேஜின் பைனரிகளை அலசும் ஸ்கேனர் சிவிஇ-2024-24577 என்று (லிப்கிட்2-வில் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டை ஒன்றின் பதிவு எண்) சிவப்பில் காட்டுகிறது. டெபியனின் பேக்கேஜ் டூலான ஆப்ட் மூலம் கிட், லிப்கிட்2 இரண்டையும் புதுப்பித்து இமேஜை மறுபடி பில்ட் செய்தேன். அப்படியும் போகவில்லை. டீமில் ஒருவர், "ஃபால்ஸ் பாசிட்டிவ், சப்ரஸ் பண்ணிடு" என்கிறார், அதாவது பொய் எச்சரிக்கை, காட்டாமல் மறைத்துவிடு என்று. எனக்கு மனசு கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் ரெப்போ ஆயிற்றே!

ரமா:
சப்ரஸ் செய்யாதீர்கள். கிட் வேறு, லிப்கிட்2 வேறு. லிப்கிட்2 தனியாக சி மொழியில் எழுதிய லைப்ரரி. கிட்டைப் புதுப்பித்தால் அது மாறாது. பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் இறக்கித் தரும் பைகிட்2 வீலுக்குள் (தயாராக பில்ட் செய்த பேக்கேஜ் கோப்புக்குள்) லிப்கிட்2-வின் சொந்தப் பிரதி ஒன்று இருக்கும். சைட்-பேக்கேஜஸில் பைகிட்2.லிப்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அந்த .எஸ்ஓ கோப்பு (பில்ட் செய்த லைப்ரரி) தெரியும். ஆப்ட் அதைத் தொடவே தொடாது. பைகிட்2-வை இம்போர்ட் செய்து 'லிப்கிட்2_வெர்ஷன்' என்ன என்று பிரிண்ட் போட்டுப் பாருங்கள்.

கவிதா (ஒயிட்ஃபீல்டு):
நான் செக்யூரிட்டி டீமில் இருக்கிறேன். செந்தில், உங்கள் தயக்கம் நியாயமானது. லிப்கிட்2-வின் இண்டெக்ஸ்.சி கோப்பில் 'ஹேஸ்_டிர்_நேம்' என்று ஒரு ஃபங்ஷன். விஷமமாகச் செய்த கோப்புப் பாதை ஒன்று உள்ளே வந்தால், விடுவிக்கக் கூடாத என்ட்ரியை அது ஃப்ரீ செய்துவிடும். அந்த மெமரியை அப்புறமும் பயன்படுத்துவதால், அனுப்பியவர் கொடுத்த டேட்டா அங்கே போய் உட்காரும். ஹீப் (ப்ரோகிராம் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் மெமரி) கெடும், ஆப்பைப் பொறுத்து, அவருடைய கோடே உங்கள் சர்வரில் ஓடலாம். மாணவர் ரெப்போவிலிருந்து கோப்புகளைச் சேர்ப்பதுதானே உங்கள் சர்வீஸின் வேலை? நேராக அந்த வழியில்தான் நிற்கிறீர்கள்.

கூடவே வந்த சிவிஇ-2024-24575, ரெவ்பார்ஸை (கமிட், கிளைப் பெயரைக் கொடுத்தால் எது என்று கண்டுபிடிக்கும் பகுதியை) முடிவில்லாத லூப்பில் மாட்டிவிடுவது. கோடில் 'இண்டெக்ஸ்.ஆட்', 'ரெவ்பார்ஸ்_சிங்கிள்' இரண்டையும் கிரெப் செய்து (தேடிப் பிடித்து), வெளியார் தரும் பெயர் அப்படியே உள்ளே போகிறதா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியில் லிப்கிட்2-வின் 1.7.2, 1.6.5 வெர்ஷன்களில் இரண்டையும் அடைத்தார்கள்.

செந்தில்:
பிரிண்ட் போட்டேன், 1.7.1! ரெக்வயர்மென்ட்ஸில் பைகிட்2-வை 1.14.0-இல் பூட்டி வைத்திருக்கிறோம். ஆப்ட் தந்த பிரதி டெபியன் 12-இல் 1.5.1 என்கிறது. அதுவும் ஓட்டைதானா? ரஸ்ட்டில் எழுதிய சின்ன டூல் ஒன்றும் இருக்கிறது.

கவிதா:
பைகிட்2-வை 1.14.1-க்கு ஏற்றுங்கள், அதன் வீலில் 1.7.2 வருகிறது. டெபியன் விஷயத்தில் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய வெர்ஷனிலேயே பேட்சைப் பொருத்தித் தருவது அவர்கள் வழக்கம். பேக்கேஜின் சேஞ்ச்லாகில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். ரஸ்ட் டூலுக்கு, பேக்கேஜ் வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் கார்கோ.லாக் கோப்பில் லிப்கிட்2-சிஸ் (லிப்கிட்2-வை ரஸ்ட்டுக்குத் தரும் பேக்கேஜ்) 0.16.2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். லாக்கை மாற்றிவிட்டு பைனரியையும் மறுபடி பில்ட் செய்யுங்கள். பழைய பிரதி அதற்குள்ளேயே ஒட்டியிருக்கும்.