சிம்னி உள்ள இருக்கற சுட்டமண் குழாய் உடையாம ஓட்டை போடறது எப்படி?

வணக்கம், விறகு ஸ்டவ் வைக்கப் போறேன், அதோட 6 இன்ச் பைப்ப பழைய செங்கல் சிம்னில சேர்க்கணும். வெளிய செங்கல், உள்ள சுட்டமண் குழாய், நடுவுல விரல் அளவு இடைவெளி. செங்கல பொறுமையா பேத்து எடுத்துட்டேன், இப்போ மண் குழாய் தெரியுது, விரலால தட்டினா கணீர்னு கேக்குது, அதனால இதுவரைக்கும் விரிசல் விழலன்னு நம்பறேன். பயமே இனிமேதான். உளி ஒரு அடி தப்பா விழுந்தா மேலயும் கீழயும் விரிசல் ஓடிடும், அப்புறம் புகையும் சூடும் அந்த இடைவெளி வழியா மரச்சட்டம் வரைக்கும் போயிடும், பக்கத்து ரூம்லதான் குழந்தைங்க தூங்கறாங்க.

ஸ்லீவோட (ஸ்டவ் பைப் சிம்னிக்குள்ள நுழையறதுக்கு ஓட்டைல பொருத்தற உறைக்குழாய்) வெளி அளவுக்கு மண் குழாய் மேல வட்டம் வரஞ்சிருக்கேன், ஜாயின்ட்ல படாம ஒரு துண்டோட நடுவுல வர்ற மாதிரி. அது மேல சின்ன பிட் வச்சு ஹேமர் மோட ஆஃப் பண்ணிட்டு நெருக்கமா துளை போட்டு, நடுவுலேருந்து வெளிப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு எடுக்கலாம்னு இருக்கேன். இது சரியா, இல்ல டைமண்ட் பிளேடு போட்ட கிரைண்டர்தான் நல்லதா? தூசி ரொம்ப பறக்குமே, அத எப்படி சமாளிச்சீங்க?

உள்ள மணல் மூட்டை இறக்கி பின்பக்கம் முட்டுக் குடுத்தா அதிர்வு தாங்கும்னு ஒரு கொத்தனார் சொன்னார், யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?

ஸ்லீவோட முனை மண் குழாயோட உள்சுவருக்கு சமமா நிக்கணும், உள்ள நீட்டினா புகை போற வழிய மறைக்கும்னு தெரியும். சுத்தி சூடு தாங்கற கலவைதான் பூசப் போறேன், சாதா சிமென்ட் வெடிச்சிடும். பூசினதுக்கப்புறம் எத்தன நாள் விட்டு முதல் தீ மூட்டினீங்க, அதையும் சொல்லுங்க ப்ளீஸ்.